எது நோய் செய்தது, எது உடம்பு செய்தது?

கேள்வி: சிஸ்டர், எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். மலைக்கு மேலே கேரளாவில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இங்கே பாடம் இங்கிலீஷில், விளக்கம் மலையாளத்தில். அனாட்டமியும் பிசியாலஜியும் எப்படியோ தேறிவிட்டேன். பேத்தோபிசியாலஜி, அதாவது நோய் வந்தால் உடம்பு எப்படி இயங்குகிறது என்ற பாடம், வந்ததும் திணறுகிறேன். ஒவ்வொரு நோய்க்கும் காரணம், அறிகுறி, சிக்கல் என்று மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. போன மாதம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஹார்ட் ஃபெயிலியருக்குப் பதினோரு அறிகுறி ஒப்பித்தேன். "ஹார்ட்தானே கெட்டுப்போனது, கால் ஏன் வீங்குகிறது?" என்று மேடம் கேட்டார். பதில் வரவில்லை. இதை எப்படித்தான் படிப்பது? இன்னொன்று, என் அம்மாவுக்கு நாலு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார். அங்கே ஒதுங்க இடமில்லை என்று பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் ஏதாவது ஆகுமா?

பதில்:

தாயி, பதினோரு அறிகுறியும் சரியாகத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் உன் மேடம் கேட்ட அந்த ஒரு கேள்வி பதினொன்றையும்விடப் பெரியது. அவர் உன்னை மடக்கக் கேட்டதாக நினைக்காதே. படிக்க வேண்டிய வழியைக் காட்டியிருக்கிறார்.

நானும் இந்த மலையடிவாரத்துப் பெண்தான். முப்பத்தோரு வருடம் வார்டில் இருந்தேன், பாதி மலைக்கு மேலே, பாதி கீழே. அதன் பிறகு ஆறு வருடம் வகுப்பறை. நீ செய்வதைத்தான் நானும் செய்தேன். பட்டியலை மனப்பாடம் செய்துதான் பாஸ் ஆனேன். பட்டியல் பரீட்சைக்கு உதவும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நோயாளி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து "சிஸ்டர், என்னமோ பண்ணுது" என்று சொல்லும்போது அந்தப் பட்டியல் ஒன்றுகூட நினைவுக்கு வராது.

நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒரே ஒரு கேள்வியை உனக்குத் தருகிறேன். எந்த அறிகுறியைப் பார்த்தாலும் இப்படிக் கேள்: இது நோய் செய்ததா, நோயைச் சமாளிக்க உடம்பு செய்ததா? புத்தகத்தில் இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். அதனால்தான் உனக்குக் குழம்புகிறது. பிரித்துப் பார்த்தால் பாதி பாடம் தானாகவே புரிந்துவிடும்.

வீங்கின காலையே எடுத்துக்கொள்வோம். நல்ல இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் இறைக்கிறது. மாரடைப்பில் தசையில் ஒரு பகுதி செத்துப்போகிறது, அல்லது பல வருடப் பிரஷரில் களைத்துப்போகிறது, இறைப்பு குறைகிறது. இதுவரை நோயின் வேலை. இப்போது கிட்னியின் இடத்தில் இருந்து பார். இதயம் பழுதான செய்தி கிட்னிக்குத் தெரியாது. தனக்கு வரும் இரத்தம் குறைந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். இரத்தம் ஏன் குறையும்? ஆதிகாலத்திலிருந்து அதற்குத் தெரிந்த காரணங்கள் வெட்டுக்காயமும் பேதியும்தான். எங்கேயோ ஒழுகுகிறது என்று முடிவுகட்டி ரெனின் என்ற என்சைமைச் சுரக்கிறது. அதனால் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் உருவாகி இரத்தக்குழாய்களை இறுக்குகிறது, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கிளப்பிவிடுகிறது. ஆல்டோஸ்டிரோன் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, உப்பு போகும் இடமெல்லாம் தண்ணீரும் போகும். ஏற்கெனவே இறைக்க முடியாமல் தவிக்கும் மோட்டாருக்குக் கிணற்றில் இன்னும் தண்ணீரை ஏற்றிவிடுகிற கதை.

அந்தத் தண்ணீர் இதயத்துக்குத் திரும்பும் வழியில் தேங்குகிறது. சிரைகளில் அழுத்தம் ஏறி, மெல்லிய தந்துகிகளிலிருந்து நீர் வெளியே கசிகிறது. நடமாடும் ஆளுக்குத் தாழ்வான இடம் கணுக்கால், அதனால் அங்கே வீக்கம். படுத்தே கிடக்கும் நோயாளிக்குத் தாழ்வான இடம் எது? இடுப்பின் பின்புறம். காலை அமுக்கிப் பார்த்துவிட்டு "வீக்கம் இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போகும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகின் அடியில் அமுக்கிப் பார்த்தால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும்.

ஆகவே உன் மேடத்துக்கான பதில்: காலை வீங்கவைத்தது இதயம் மட்டுமில்லை, உதவிக்கு வந்த கிட்னியும்தான். இந்த ஒரு சங்கிலி புரிந்தால் மருந்துகளும் தாமாகவே வந்து அமர்ந்துகொள்ளும். எனலாப்ரில் ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் ஒரு என்சைமைத் தடுக்கிறது. அதே என்சைம்தான் பிராடிகைனின் என்ற, இருமலைத் தூண்டும் பொருளையும் உடைக்க வேண்டும். அந்த வேலை நின்றுபோவதால் சிலருக்கு வறட்டு இருமல். ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனை மடக்குகிறது, அதனால் பொட்டாசியம் ஏறலாம். ஃப்ரூசிமைடு தண்ணீரைத் துரத்துகிறது, கூடவே பொட்டாசியமும் போகிறது. நோயாளியின் மருந்துச் சீட்டைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பார். அவருக்குள் என்ன நடக்கிறது என்று டாக்டர் நினைக்கிறார் என்பது அதில் எழுதியிருக்கும்.

திராட்சைத் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்தார். மூச்சுத் திணறல் உண்டா என்றால் இல்லவே இல்லை என்றார். ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். "தலையணையா? நான் ஈசிச்சேர்ல தூங்கி ரெண்டு மாசமாச்சு" என்றார். படுத்தால் காலில் தேங்கின நீர் நெஞ்சுக்குத் திரும்பி நுரையீரலை அடைக்கிறது. அவர் அதை நோயாகவே நினைக்கவில்லை, ஈசிச்சேரை மருந்தாக்கிக்கொண்டார். அவருக்கு நாங்கள் செய்த பெரிய வேலை தினமும் காலையில் எடை பார்த்ததுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசு சொல்லிவிடும்.

அடுத்து சர்க்கரை. இதற்கு உதாரணம் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. முல்லைப்பெரியாறு நீர்மட்டம் எத்தனை அடி என்று பேப்பரில் பார்க்காமல் நம் பள்ளத்தாக்கில் யாருக்கும் காலைக் காபி இறங்காது. 142 அடி வரை தேக்கலாம். அதற்கு மேல் வருவது ஷட்டர் வழியே இடுக்கிப் பக்கம் போய்விடும். இரத்தச் சர்க்கரைக்கும் கிட்னியில் இப்படி ஒரு மட்டம் உண்டு. டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராம். அதுவரை, வடிகட்டின சர்க்கரை முழுவதையும் கிட்னிக் குழாய்கள் திரும்ப எடுத்து இரத்தத்தில் சேர்த்துவிடும், ஒரு துளிகூட யூரினில் போகாது. மட்டம் தாண்டினால் எடுக்கும் கைகள் போதாமல் மிச்சம் வழிகிறது. வழியும் சர்க்கரை தனியாகப் போகாது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது நம் கேள்வியைப் போடு. அடிக்கடி யூரின் போவது வழிந்த வெள்ளம். தாகம் உடம்பு செய்வது, இழந்த தண்ணீரைக் கேட்கிறது. பசி? இரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிந்தாலும் இன்சுலின் இல்லாமல் செல்லுக்குள் போகாது. அணை நிரம்பியிருக்கிறது, மதகுதான் திறக்கவில்லை, வயல் காய்கிறது. காயும் வயல் கூப்பாடு போடுகிறது, அது பசி. கொழுப்பும் தசையும் எரிகின்றன, அது உடல் மெலிவு. இந்த அறிகுறிகளை வரிசையாக ஒப்பிக்கிற பிள்ளைக்கும் இந்த ஓட்டத்தைப் பார்க்கிற பிள்ளைக்கும் எவ்வளவு வித்தியாசம் பார்.

அணை உதாரணம் ஓர் இடத்தில் உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த 180 என்பது கல்லில் வெட்டின மட்டம் கிடையாது. கர்ப்பிணிகளுக்கு மட்டம் இறங்கும், இரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும்போதே யூரினில் சர்க்கரை தெரியலாம். நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் மட்டம் ஏறலாம், இரத்தத்தில் 220 இருக்கும்போதும் யூரின் சுத்தமாகத் தெரியலாம். யூரின் டெஸ்ட்டை நம்பி மருந்து கூட்டிக் குறைத்த காலம் ஏன் போனது என்பது புரிகிறதா? டாபாகிளிஃப்ளோசின் போன்ற புது மாத்திரைகள் வேண்டுமென்றே ஷட்டரைத் தாழ்த்துகின்றன, சர்க்கரை முன்னதாகவே வெளியே போகட்டும் என்று.

இன்சுலின் அறவே இல்லாதபோது நடப்பதையும் பார்த்துவிடு. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஒரு பெண்ணை "மூச்சிரைப்பு" என்று தூக்கிவருவார்கள். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் வீசிங் இல்லை, ஆக்சிஜன் அளவு 98. ஆனாலும் நூறு மீட்டர் ஓடிவந்தவள் போல ஆழமாக, நிற்காமல் மூச்சு வாங்குகிறாள். வாயில் பழவாடை. பழக்கமில்லாத கை உடனே நெபுலைசரைத் தேடும். கேள்வியைப் போடு: நுரையீரலில் நோயா? இல்லை. கொழுப்பு எரிந்து உண்டான கீட்டோன் இரத்தத்தை அமிலமாக்கிவிட்டது. 7.35-க்குக் கீழே இறங்கும் பி.எச்.சை, அதாவது இரத்தத்தின் அமில-கார அளவைத் தூக்கிப்பிடிக்க, மூளை கார்பன்டைஆக்சைடை ஊதித் தள்ளச் சொல்கிறது. அந்த மூச்சுதான் அவளை உயிரோடு வைத்திருக்கிறது. அது தானாகத் தளர்ந்தால் நிம்மதியடையாதே. சரியாகிறாளா, களைத்துப்போகிறாளா என்று பார்க்க வேண்டிய நேரம் அதுதான். பொட்டாசியத்தையும் விட்டுவிடாதே. முதல் ரிப்போர்ட்டில் நார்மல் என்றோ கூடுதல் என்றோ காட்டும். உண்மையில் உடம்பில் பொட்டாசியம் வற்றிப்போயிருக்கும். செல்லுக்குள் இருந்தது வெளியே வந்து நிற்பதால் வரும் தோற்றம் அது. இன்சுலின் போட்டதும் அது திரும்ப உள்ளே ஓடும், இரத்தத்தில் மளமளவென்று இறங்கும், இதயம் தடுமாறும். ஏற்கெனவே குறைவாக இருந்தால் முதலில் பொட்டாசியம், பிறகுதான் இன்சுலின்.

இனி என் சொந்தக் கதை. எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. சர்வீஸுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு. மழைக்காலம், வார்டு முழுக்க டெங்கு. ஜீப்பில் கிளீனராகப் போகும் பத்தொன்பது வயதுப் பையன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அவன் அம்மா பப்பாளி இலைச் சாற்றை டம்ளரில் வைத்துக்கொண்டு, "ஜுரம் இறங்கிருச்சு சிஸ்டர், நாளைக்கு வீட்டுக்கு விட்ருவாங்களா?" என்று கேட்டார். பிளேட்லெட் 62 ஆயிரம்; எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். நான் பிரஷர் பார்த்தேன், 100/80. நார்மல் என்று எழுதினேன். பல்ஸ் 118. காய்ச்சல்காரனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்பது அப்போது உறைக்கவில்லை.

ரவுண்ட்ஸ் வந்த மூத்த சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் பார்க்கவில்லை. போர்வையை விலக்கி அவன் கால் கட்டைவிரலைப் பிடித்தார். ஐஸ் மாதிரி இருந்தது. விரல் நகத்தை அமுக்கிவிட்டு, சிவப்பு திரும்பும்வரை வாய்க்குள் எண்ணினார், நாலு வந்தது. இரண்டுக்குள் வந்திருக்க வேண்டும். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ 100-ஐப் பார்த்தே. 80-ஐப் பார்த்தியா?"

டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இரத்தக்கசிவில்லை, நீர்க்கசிவு. இரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா வெளியே ஒழுகுகிறது. அது தொடங்குவதே காய்ச்சல் விடும் நேரத்தில்தான், ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். இரத்தத்தின் தண்ணீர் குறைவதால் இரத்தம் தடிக்கும், அவனுக்குப் பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 41-லிருந்து 50-க்கு ஏறியிருந்தது. 20 சதவீதம் ஏறினாலே விழித்துக்கொள்ள வேண்டும். இதயத்துக்கு வரும் இரத்தம் குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுவதும் குறைகிறது, மேல் எண் இறங்கப் பார்க்கிறது. உடம்பு சும்மா இருக்குமா? அட்ரினலினைக் கொட்டி, கைகால் குழாய்களை இறுக்கிப் பிடித்து, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை மிச்சப்படுத்துகிறது. இறுக்கினால் கீழ் எண் ஏறும். மேலும் கீழும் நெருங்கி வருகின்றன. இரண்டுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் அது ஷாக், உறுப்புகளுக்கு இரத்தம் போதாத நிலை, மேல் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும். குளிர்ந்த கால், ஓடும் பல்ஸ், 80, மூன்றுமே உடம்பின் போராட்டம். நான் அந்தப் போராட்டத்தைப் பார்த்து நார்மல் என்று எழுதியிருந்தேன். இளவயது உடம்பு கடைசிவரை பிடித்துநிற்கும், விழும்போது ஒரேயடியாக விழும். உடனே சலைன் ஓடியது, பையன் பிழைத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து இன்னொரு பாடமும் இருந்தது: ஒழுகின நீர் தானாகக் குழாய்க்குள் திரும்பும். அந்த நேரத்திலும் டிரிப்பை அதே வேகத்தில் விட்டால் நுரையீரல் நிரம்பும். முதல் நாள் உயிர் காத்த அதே பாட்டில் மூன்றாம் நாள் ஆளைச் சாய்த்துவிடும்.

உள்நிலையை ஒரே அளவில் காக்க உடம்பு செய்யும் இந்தப் போராட்டத்துக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று 1926-ல் பெயர் வைத்தவர் வால்டர் கேனன் என்ற அமெரிக்கர். அவர் முதல் உலகப் போரில் அடிபட்ட சிப்பாய்களின் ஷாக்கை ஆராய்ந்தவர். முதல் வருடத்தில் இந்தச் சொல்லுக்கு நீ இரண்டு மார்க் வாங்கியிருப்பாய், அதோடு மறந்திருப்பாய். பேத்தோபிசியாலஜி முழுக்க அந்த ஒரு சொல்லின் கதைதான்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். காய்ச்சல்: மூளையின் வெப்ப மட்டம் 39 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றப்பட்டிருக்கிறது, உடம்பு இன்னும் 37-ல் நிற்கிறது, அதனால் குளிர்கிறது, நடுக்கம் எடுத்துச் சூட்டை உண்டாக்குகிறது. நடுங்கும் ஆளுக்கு ஈரத்துணி போட்டால் இன்னும் நடுங்குவார், அப்போது போர்வை கொடு. மாத்திரை மட்டத்தை இறக்கினதும் அவரே வியர்த்து, போர்வையைத் தள்ளுவார். விறகடுப்புப் புகையில் நாற்பது வருடம் சமைத்த பாட்டி உதட்டைக் குவித்து மூச்சு விடுவது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சுருங்கி மூடப்பார்க்கும் காற்றுக்குழாய்களைத் திறந்துவைக்க உடம்பே கண்டுபிடித்த வித்தை அது. அவருக்கு ஆக்சிஜனை 100-க்கு ஏற்றாதே, 88-லிருந்து 92 போதும்.

மொழிக்கு வருவோம். மூன்று மொழியில் மாட்டிக்கொண்டதை நீ பலவீனமாக நினைக்கிறாய். எனக்கு அது பலமாகத்தான் இருந்தது. நம்ம ஊர் அம்மா "கால்ல நீர் கோத்திருக்கு" என்கிறார். மலையாளத்திலும் வீக்கத்துக்கு நீர் என்றே பெயர். எடிமா என்ற சொல்லில் தெரியாதது இந்தச் சொல்லில் தெரிகிறது, அங்கே இருப்பது நீர் என்று! ஆனால் வழுக்கும் இடங்களும் உண்டு. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ஏலக்காய் எடுக்கப் போகும் நம்ம ஆள் "ஒரு வாரமா பனி சிஸ்டர்" என்றால் அவர் மலையின் மூடுபனியைச் சொல்கிறார். கேட்ட மலையாள நர்ஸ் ஒரு வாரக் காய்ச்சல் என்று எழுதிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். தலைகீழாகவும் நடக்கும். அங்கே எலிப்பனி என்று சொன்னால் நம் எலிக்காய்ச்சல். ஈரமண்ணில் வேலை செய்கிறவர், கண் சிவந்திருக்கிறது, கெண்டைக்கால் தொடவிடாமல் வலிக்கிறது என்றால் கிட்னியை நினை. கிட்னி கெட்டால் பொட்டாசியம் ஏறும் என்று படித்திருப்பாய். இதில் பல நேரம் இறங்கியிருக்கும், உப்பையும் பொட்டாசியத்தையும் பிடிக்க வேண்டிய குழாய்ப்பகுதியையே இந்தக் கிருமி தாக்குவதால்.

ஆகவே படிக்கும் முறை இதுதான். ஒரு நாளைக்கு ஒரு நோய் போதும். முதலில் பிசியாலஜி புத்தகத்தைத் திற, அந்த உறுப்பின் ஒழுங்கான வேலையை அரைப் பக்கம் படி. அதில் எந்த இடத்தில் நோய் கைவைக்கிறது என்று குறி. அங்கிருந்து அம்பு போட்டுக்கொண்டே போ, ஒவ்வொரு அம்புக்கும் "அதனால்" என்று வாய்விட்டுச் சொல். உடம்பு செய்வதை வேறு நிறத்தில் எழுது. பிறகு போனில் அம்மாவிடம் தமிழில் சொல். அம்மா "அது ஏன்?" என்று கேட்டு நீ தடுமாறும் இடம்தான் உனக்குப் புரியாத இடம். இங்கிலீஷ் சொற்களைக் கடைசியில் மேலே ஒட்டிக்கொள்ளலாம். யூனிவர்சிட்டி பரீட்சையில் பட்டியல்தான் கேட்பார்கள், அதோடு சண்டை போடாதே. அம்புகளை வரிசையாக எழுதினால் அதுவே பட்டியல்.

இனி அம்மா. ஆமாம், அது உடம்புக்கு ஆகாது. ஏன் என்று இப்போது நீயே சொல்லிவிடுவாய். சர்க்கரை மட்டம் தாண்டின உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. தாகம் என்பது உடம்பு கேட்கும் வைத்தியம், அவர் அதைத் தள்ளிவைக்கிறார். இரத்தம் தடிக்கிறது, கிட்னிக்குச் சுமை. அடக்கிவைத்த யூரினில் சர்க்கரையும் இருந்தால் கிருமிக்கு விருந்து. ஆனால் "தண்ணி குடிம்மா" என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? ஒதுங்க இடமில்லாத பெண்ணுக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? தோட்டத்தில் கழிப்பறையும் குடிநீரும் வேண்டும் என்று 1951-ம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது, ஏலமும் பிறகு அதில் சேர்ந்தது. சின்னத் தோட்டங்கள் அதற்குள் வராமல் தப்பித்தன, பெரியவை ஏட்டில் காட்டித் தப்பித்தன. கூட வேலை செய்யும் பெண்கள் நாலுபேர் சேர்ந்து கங்காணியிடம் கேட்கட்டும். ஒருத்தி மட்டும் கேட்டால் நாளைக்கு ஜீப்பில் இடம் இருக்காது. அதுவரை இரண்டுபேராக ஒதுங்கப் போகலாம். ஒரே மூச்சில் குடிக்காமல் மணிக்கு நாலு வாய் குடிக்கட்டும்.

மாத்திரை என்ன என்று பார்த்து எழுது. டாபாகிளிஃப்ளோசின் வகை இருந்தால் தண்ணீரை நிறுத்தவே கூடாது. நான் மேலே சொன்ன அமில மூச்சு அதில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே வரலாம். கிளிமிப்பிரைடு வகை என்றால் வேறு பயம். விடியுமுன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஜீப்பில் ஏறினால், கம்பம்மெட்டு ஏறும் முன்பே சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அட்ரினலின் அடிக்கும் மணி. மலைக்காற்றில் குளிர் நடுக்கம் என்று விட்டுவிடுவார்கள். குளிரில் வியர்க்காது என்று சொல்லிவை. சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் நாலு கல்கண்டு இருக்கட்டும்.

கடைசியாகக் கால். அட்டை கடித்தால் யாருக்குமே வலிக்காது, அதன் எச்சில் அப்படி. அந்த எச்சிலில் இருக்கும் ஹிருடின் இரத்தத்தை உறையவிடாமல் செய்வதால் வழிந்துகொண்டே இருக்கும், சாக்ஸ் நனைந்த பிறகுதான் தெரியும். அதற்குப் பயம் வேண்டாம், புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். எனக்குக் கவலை ஷூவுக்குள் கிடக்கும் சிறுகல். நரம்பு மரத்த காலோடு நாள் முழுக்க அதன்மேல் நடந்துவிட்டு, சாயங்காலம் ஷூவைக் கழற்றி "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டவர்களுக்கு நான் டிரெஸ்ஸிங் செய்திருக்கிறேன். போடும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டச் சொல்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மாவின் காலை உன் மடியில் எடுத்துவைத்துக்கொள். விரலிடுக்கை முதலில் பார், வெடிப்பு, வெள்ளை, ஈரம் எல்லாம். பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உன் ஆள்காட்டி விரல் நுனியால் அவரது பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இரண்டு காலிலும் ஒவ்வொன்றாகத் தொடு. அமுக்காதே, தட்டாதே, ஈ உட்கார்ந்தது போல ஒன்றிரண்டு விநாடி. எந்தக் கால் என்று அவர் சொல்லட்டும். ஆறு இடத்தில் இரண்டிலோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காலைக் காட்டச் சொல். எத்தனை தெரிந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுது.